அத்தியாயம் 7: காத்திருக்கும் அன்டூக்களைச் சரிபார்த்தல்

ஏஐ ஏஜென்ட் தவறு செய்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், பெரும்பாலானோர் “அன்டூ செய்துவிடுவேன்” என்பார்கள். கோப்பைத் திருத்தும் ஏஜென்ட், தரவுத்தளத்தில் எழுதும் ஏஜென்ட், சர்வரை அமைத்துத் தரும் ஏஜென்ட் எனப் பலவற்றில் அந்த வசதி ஏதோ ஒரு வடிவில் இருக்கத்தான் செய்கிறது. அந்தத் துணிச்சலில்தான் ஏஜென்ட்டிடம் பெரிய வேலைகளை ஒப்படைக்கிறோம்.

வேர்ட் கோப்பில் தட்டும் அன்டூவும் ஏஜென்ட் டூலில் தட்டும் அன்டூவும் ஒன்றல்ல. வேர்டில் எழுதுபவர் பெரும்பாலும் ஒருவர். ஓர் எழுத்து போனாலும் கண்ணெதிரே தெரியும். ஏஜென்ட்டோ ஒரே மூச்சில் இருபது கோப்புகளைத் தொடும். இடையில் டெர்மினலில் நான்கு கட்டளைகளை ஓட்டும். வெளியே ஒரு மின்னஞ்சலும் அனுப்பும். நீங்கள் அன்டூவைத் தட்டும் நேரத்துக்குள் உங்கள் சக ஊழியரோ இன்னோர் ஏஜென்ட்டோ அதே கோப்பில் கை வைத்திருக்கலாம்.

இந்த அத்தியாயம் சொல்வது இதுதான்: அன்டூ என்பது முன்பிருந்த நிலைமைக்காக எழுதிவைத்த கட்டளை, அது இயங்குவதோ இப்போதைய நிலைமையின்மீது. அழிக்கும் கட்டளை ஒன்றை ஓட்டுமுன் எவ்வளவு யோசிப்பீர்களோ, அன்டூவை ஓட்டுமுன்னும் அவ்வளவு யோசிக்க வேண்டும்.

அன்டூ வரிசையில் என்ன இருக்கிறது?

ஏஜென்ட் ஒவ்வொரு வேலையைச் செய்யும்போதும் அதைத் திருப்புவதற்கான வழியையும் டூல் குறித்துவைக்கிறது. இன்னும் இயக்கப்படாமல் இப்படிச் சேர்ந்திருப்பவைதான் காத்திருக்கும் அன்டூக்கள். பட்டியலில் எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்தாலும் உள்ளே மூன்று வகை உண்டு. எந்த வகை என்று தெரியாமல் எதையும் இயக்கக் கூடாது.

முதல் வகை நிலைப்பதிவு. மாற்றத்துக்கு முன் கோப்புகள் எப்படி இருந்தனவோ அப்படியே ஒரு நகல் எடுத்துவைப்பது. கிளாட் கோட், கர்சர் ஆகிய கோடிங் டூல்களில் வரும் செக்பாயின்ட் இந்த வகை. ஜெமினி சிஎல்ஐ இதற்கென்றே உங்கள் ரெப்போவுக்கு வெளியே ஒரு நிழல் கிட் ரெப்போ வைத்துக்கொள்கிறது. இதில் உள்ள ஆபத்து, அது முழுக் கோப்பையும் பழைய நிலைக்குக் கொண்டுபோகக்கூடியது. நகல் எடுத்த பிறகு மனிதர் செய்த நல்ல திருத்தமும் சேர்ந்து போய்விடலாம்.

இரண்டாவது வகை எதிர்ச்செயல். சேர்த்ததை நீக்கு, நீக்கியதைச் சேர் என்று செய்த மாற்றத்தை மட்டும் திருப்புவது. 1994இல் காமா, ஹெல்ம், ஜான்சன், விலிசைட்ஸ் நால்வரும் எழுதிய டிசைன் பேட்டர்ன்ஸ் நூலில் வரும் கமாண்ட் பேட்டர்ன் இந்த யோசனையைத்தான் ஒழுங்குபடுத்தியது: ஒவ்வொரு கட்டளையும் தன்னைத் திருப்பும் வழியையும் தன்னோடு வைத்திருக்கலாம். கிட் ரிவர்ட்டும் இந்த வகைதான். பேரேட்டில் தவறு நேர்ந்தால் கணக்குப்பிள்ளை பழைய வரியை அடிக்க மாட்டார். எதிர்ப்பதிவு ஒன்றைப் போடுவார். ரிவர்ட்டும் அப்படியே பழைய கமிட்டைத் தொடாமல், அதற்கு நேர்மாறான புதிய கமிட்டைப் போடுகிறது. அதே வரிகளை இடையில் வேறொருவர் மாற்றியிருந்தால் முரண்பாடு என்று சொல்லி நின்றுவிடும். நிலைப்பதிவிடம் இந்த நிதானத்தை எதிர்பார்க்க முடியாது.

மூன்றாவது வகை ஈட்டுச்செயல். நடந்ததைத் திருப்ப முடியாத இடத்தில் அதை ஈடுகட்டும் இன்னொரு செயல். வாங்கிய பணத்தைத் திருப்பி அனுப்புவது, முன்பதிவை ரத்து செய்வது, தவறான மடலுக்குத் திருத்த மடல் அனுப்புவது எல்லாம் இதில் அடங்கும். 1987இல் ஹெக்டர் கார்சியா மொலினாவும் கென்னத் சேலமும் எழுதிய சாகாஸ் என்ற ஆய்வுக் கட்டுரை நீண்ட தரவுத்தளப் பணிகளுக்கு இந்த வழியை முன்வைத்தது. இதை ஓட்டினாலும் தடம் மறையாது. வாடிக்கையாளரின் வங்கிக் கணக்கில் பற்றும் வரவும் இரண்டு வரிகளாக நிற்கும். ஈட்டுச்செயலை இரண்டு முறை ஓட்டினால் பணமும் இரண்டு முறை போகும்.

உங்கள் டூல் இந்த மூன்றையும் பிரித்துக் காட்டாவிட்டால், பட்டியலைத் தாளில் எழுதி நீங்களே வகை குறியுங்கள்.

பார்ப்பது பார்ப்பதாகவே இருக்க வேண்டும்

சரிபார்ப்பின் முதல் விதி: வரிசையைப் பார்ப்பதற்கான கட்டளை எதையும் மாற்றக் கூடாது. சொல்லத் தேவையில்லாத விதி போலத் தோன்றும். ஆனால் கிட்டிலேயே பாருங்கள். கமிட் செய்யாத மாற்றங்களைத் தற்காலிகமாக ஒதுக்கிவைக்கும் இடம் ஸ்டாஷ். ‘ஸ்டாஷ் லிஸ்ட்’ பட்டியல் தரும். ‘ஸ்டாஷ் ஷோ’ உள்ளே இருப்பதைக் காட்டும். ‘ஸ்டாஷ் பாப்’ அதைக் கோப்புகளில் இறக்கி, முரண்பாடு இல்லாவிட்டால் பட்டியலிலிருந்தும் எடுத்துவிடும். “ஸ்டாஷில் என்ன இருக்கிறது என்று பார்” என்று ஏஜென்ட்டிடம் பொதுவாகச் சொன்னால், அது இந்த மூன்றில் எதை ஓட்டும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆகவே கட்டளையின் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

அதேபோல ‘கிட் கிளீன்’ கட்டளையோடு ‘என்’ சேர்த்தால் எவை அழியும் என்ற பட்டியல் மட்டும் வரும். ‘எஃப்’ சேர்த்தால் கோப்புகள் போய்விடும். கிட் கண்காணிக்காத கோப்புகள் அவை என்பதால் கிட்டால் மீட்டுத் தரவும் முடியாது. ஜெமினி சிஎல்ஐயில் செக்பாயின்ட் வசதியை முதலில் நீங்களே இயக்கிவைக்க வேண்டும். பிறகு ‘ரீஸ்டோர்’ என்று மட்டும் தட்டினால் பட்டியல் வரும். பெயரையும் சேர்த்துத் தட்டினால் மீட்பு நடக்கும். ஒரே கட்டளையின் இரு முகங்கள் இவை. எந்த முகம் எப்போது வரும் என்பதை அவசரம் இல்லாத நாளில் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபி நெறிமுறை வழியாக உங்கள் ஏஜென்ட் டூல்களோடு பேசினால், இன்னொன்றையும் கவனியுங்கள். 2025 மார்ச் பதிப்பிலிருந்து ஒவ்வொரு டூலும் தான் படிக்க மட்டும் செய்யுமா, அழிக்கக்கூடியதா, மறுபடி ஓட்டினால் விளைவு மாறாதா என்பதைக் குறிப்புகளாகச் சொல்லலாம். இவை வெறும் குறிப்புகளே. நம்பகமான சர்வரிலிருந்து வராவிட்டால் இவற்றை நம்பக் கூடாது என்று நெறிமுறையே எச்சரிக்கிறது. “படிக்க மட்டும்” என்ற முத்திரையை நம்பி, அறியாத டூலின் அன்டூ பட்டியலைத் திறக்காதீர்கள். முதலில் சோதனைச் சூழலில் ஓட்டிப் பாருங்கள்.

ஒவ்வோர் அன்டூவிடமும் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

*1. இது யாருடைய வேலையைத் திருப்புகிறது?*

வரிசையில் மேலே இருப்பது நீங்கள் நினைக்கும் செயலாகவே இருக்க வேண்டியதில்லை. இரண்டு ஏஜென்ட்கள் ஒரே ரெப்போவில் வேலை செய்தால் கடைசி மாற்றம் மற்றதனுடையதாக இருக்கலாம். உங்கள் சக ஊழியருடையதாகவும் இருக்கலாம். எய்டர் என்ற கோடிங் டூல் இதில் நல்ல முன்மாதிரி. அதன் அன்டூ கட்டளை, கடைசி கமிட்டை எய்டரே போட்டதா என்று பார்க்கும், இல்லையென்றால் மறுக்கும். அந்தக் கமிட் ஏற்கெனவே புஷ் செய்யப்பட்டிருந்தாலும், சம்பந்தப்பட்ட கோப்பில் கமிட் செய்யாத மாற்றம் இருந்தாலும் மறுக்கும். உங்கள் டூல் இப்படித் தானாக மறுக்காவிட்டால், செஷன் எண்ணையும் நேரத்தையும் பார்த்து நீங்கள் மறுக்க வேண்டும்.

*2. அன்று இருந்த நிலைமை இன்றும் இருக்கிறதா?*

காலை 10 மணிக்கு ஏஜென்ட் ஒரு கோப்பைத் திருத்தியது. 10.20க்கு நீங்கள் அதே கோப்பில் வேறொரு பிழையைச் சரிசெய்தீர்கள். 10.30க்கு ஏஜென்ட்டின் மாற்றம் பிடிக்காமல் நிலைப்பதிவுக்குத் திரும்பினால், உங்கள் 10.20 திருத்தமும் சத்தமில்லாமல் போய்விடக்கூடும். இதைத் தடுக்க எளிய வழி கோப்பின் ஹாஷ் மதிப்பை ஒப்பிடுவது. ஏஜென்ட் வேலையை முடித்தபோது இருந்த ஹாஷும் இப்போதைய ஹாஷும் ஒன்றானால் இடையில் யாரும் தொடவில்லை. மாறியிருந்தால் மொத்தமாகத் திருப்பாதீர்கள்; வித்தியாசத்தைத் திறந்து, வேண்டிய வரிகளை மட்டும் எடுங்கள்.

பார்த்த நேரத்துக்கும் இயக்கும் நேரத்துக்கும் நடுவில்கூட நிலைமை மாறலாம். இதற்கு, சர்வர்களை அமைக்கும் டெராஃபார்ம் என்ற டூல் நல்ல விடை வைத்திருக்கிறது. அதில் திட்டத்தைச் சேமித்துவைத்துப் பிறகு இயக்கலாம். ஆனால் அதற்குள் அது பதிந்துவைத்திருக்கும் நிலை மாறிவிட்டால், சேமித்த திட்டம் பழையதாகிவிட்டது என்று சொல்லி இயக்க மறுக்கும். ஏஜென்ட் டூல்களின் அன்டூவுக்கும் இதே ஒழுங்கு வேண்டும்: நான் ஒப்புதல் தந்தது நான் பார்த்த அந்தத் திட்டத்துக்கு மட்டும், நிலைமை மாறினால் ஒப்புதலும் செல்லாது.

*3. எதை எல்லாம் தொடும், எதைத் தொடாது?*

செக்பாயின்ட் என்றால் எல்லாம் அடங்கிய முழு நகல் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படியல்ல. கிளாட் கோடின் செக்பாயின்ட் அதன் கோப்புத் திருத்தும் கருவிகள் செய்த மாற்றங்களைத்தான் பின்தொடர்கிறது. அதே ஏஜென்ட் டெர்மினல் கட்டளையால் ஒரு கோப்பை அழித்தாலோ, நகர்த்தினாலோ அது செக்பாயின்டில் வராது. இதை அதன் ஆவணமே தெளிவாகச் சொல்கிறது; கிட்டுக்கு மாற்றாக இதைக் கருதாதீர்கள் என்றும் சொல்கிறது. ஆகவே திரும்பியபின் கோப்புறையின் ஒரு பாதி பழைய நிலையிலும் மறு பாதி புதிய நிலையிலும் நிற்கக்கூடும். இப்படிப் பாதியில் நிற்கும் நிலை, முழுத் தவறைவிடக் கண்டுபிடிக்கக் கடினமானது.

இன்னொன்றும் உண்டு. கிளாட் கோடில் பின்னோக்கிச் செல்லும்போது கோடை மட்டும், உரையாடலை மட்டும், அல்லது இரண்டையும் என்று தேர்ந்தெடுக்கலாம். கோடை மட்டும் திருப்பினால், ஏஜென்ட்டின் நினைவில் அந்த மாற்றம் இன்னும் இருக்கிறது. இல்லாத ஃபங்ஷனை அழைத்து அடுத்த வேலையைத் தொடங்கும். உரையாடலை மட்டும் திருப்பினால், கோப்பில் உள்ள மாற்றம் அதற்குத் தெரியாது. எதைத் திருப்பினீர்கள் என்பதை அடுத்த செய்தியின் முதல் வரியிலேயே ஏஜென்ட்டிடம் சொல்லிவிடுங்கள். ஜெமினி சிஎல்ஐ மீட்டபிறகு, எந்தக் கட்டளைக்கு முன் நகல் எடுத்ததோ அதே கட்டளையை மறுபடி உங்கள் முன் ஒப்புதலுக்கு வைக்கும். பழக்கத்தில் ‘சரி’ என்று தட்டினால் திருப்பிய தவறு மீண்டும் நடக்கும்.

*4. ஏற்கெனவே வெளியே போனது என்ன?*

ரெப்போவை முழுதாகத் திருப்பினாலும் வெளியுலகம் திரும்பாது. ஜிமெயிலில் அனுப்பிய மடலைத் திரும்பப் பெறும் வசதி இருக்கிறதே என்பீர்கள். அது அனுப்புவதையே சற்றுத் தள்ளிப்போடும் ஏற்பாடு. அதிகபட்சம் 30 விநாடி. அதற்குப் பிறகு மடல் போனது போனதுதான். ஏபிஐ சாவி ஒன்றை ஏஜென்ட் பொது ரெப்போவில் புஷ் செய்துவிட்டால், அந்தக் கமிட்டை அன்டூ செய்வதால் பாதுகாப்பு வராது. சாவியை ரத்து செய்து புதிது எடுப்பதுதான் முதல் வேலை. கமிட்டைச் சுத்தம் செய்வது அப்புறம்.

தரவுத்தளத்திலும் இப்படி விளிம்புகள் உண்டு. போஸ்ட்கிரெஸில் ஒரு டிரான்சாக்ஷனை ரோல்பேக் செய்தால் வரிகள் திரும்பும். ஆனால் சீக்வென்ஸ் கொடுத்த எண்கள் திரும்பாது. அதனால் ரசீது எண்களில் இடைவெளி விழும். டேபிள் அமைப்பை மாற்றும் பெரும்பாலான கட்டளைகளையும் போஸ்ட்கிரெஸில் ரோல்பேக் செய்யலாம். மைஎஸ்கியூஎல்லில் அத்தகைய கட்டளை ஓடியதுமே அதுவரை செய்தது அனைத்தும் தானாக கமிட் ஆகிவிடும். “டிரான்சாக்ஷனுக்குள்தான் செய்தேன், திருப்பிவிடலாம்” என்று ஏஜென்ட் சொன்னால், எந்தத் தரவுத்தளம் என்று கேளுங்கள்.

*5. இந்த அன்டூவையே திருப்ப முடியுமா?*

ஈட்டுச்செயல் தவிர மற்றவற்றில், இதற்கு ‘முடியும்’ என்ற பதில் வரும்வரை இயக்காதீர்கள். கிட்டில் கமிட் செய்த வேலை பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ரீசெட் செய்து பிராஞ்சிலிருந்து காணாமல் போன கமிட்கள்கூட ரெஃப்லாக்கில் இருக்கும். இயல்பான அமைப்பில் அதன் பதிவுகள் 90 நாள் நிற்கும். பிராஞ்சின் இப்போதைய நுனியிலிருந்து எட்ட முடியாத கமிட்களின் பதிவுகளுக்கு 30 நாள்தான். ஆனால் கமிட் செய்யாத மாற்றத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. ‘ரீசெட் ஹார்ட்’ ஓட்டினால் கண்காணிக்கப்படும் கோப்புகளில் கமிட் ஆகாத திருத்தங்கள் போய்விடும். ஆகவே அன்டூவுக்கு முன் ஒரு தற்காலிகப் பிராஞ்சில் கமிட் போடுங்கள். கிட்இக்னோரில் உள்ள கோப்புகள் அதில் வராது. கடவுச்சொற்கள் இருக்கும் சூழல் கோப்பு பெரும்பாலும் அப்படிப்பட்டது. அதைத் தனியாக நகல் எடுங்கள்.

ஏஜென்ட்டின் வாக்குமூலம் சான்றாகாது

2025 ஜூலையில் சாஸ்டர் நிறுவனர் ஜேசன் லெம்கின் ரெப்லிட் என்ற கோடிங் தளத்தின் ஏஜென்ட்டைக் கொண்டு ஒரு செயலியை உருவாக்கிக்கொண்டிருந்தார். எதையும் மாற்றாதே என்று நிறுத்திவைத்திருந்த நேரத்தில் அது நேரலைத் தரவுத்தளத்தை அழித்துவிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிர்வாகிகள், நிறுவனங்கள் பற்றிய பதிவுகள் அதில் இருந்தன. ரோல்பேக் செய்ய முடியுமா என்று கேட்டபோது, இந்த நிலையில் முடியாது என்று ஏஜென்ட் சொன்னது. லெம்கின் தானே முயன்று பார்த்தபோது ரோல்பேக் வேலை செய்தது. ரெப்லிட்டின் தலைமைச் செயல் அதிகாரி அம்ஜத் மசாத், இது நடந்திருக்கவே கூடாதது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, சோதனைத் தரவுத்தளத்தையும் நேரலைத் தரவுத்தளத்தையும் தானாகவே பிரித்துவைக்கும் ஏற்பாட்டை அறிவித்தார்.

இந்த நிகழ்வில் பலரும் பேசியது தரவு அழிந்ததைப் பற்றி. நமக்கு வேண்டிய பாடம் ரோல்பேக் பற்றிய பதிலில் இருக்கிறது. திருப்ப முடியுமா முடியாதா என்ற கேள்விக்கு ஏஜென்ட் தரும் பதில், அடுத்த சொல் எதுவாக இருக்கும் என்று கணித்து எழுதிய வாக்கியம். அது டூலின் பதிவேட்டைத் திறந்து பார்த்துச் சொன்ன பதிலாக இல்லாமல் போகலாம். ‘முடியாது’ என்றதை நம்பினால் மீட்கக்கூடியதைக் கைவிடுவோம். ‘திருப்பிவிட்டேன்’ என்றதை நம்பினால் திரும்பாததைத் திரும்பியதாக எண்ணுவோம். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: டூல் தரும் பட்டியலையும் பதிவையும் நேரடியாகப் பாருங்கள்.

இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு விஷயம், அன்டூ பட்டியலில் உள்ள விளக்க வரிகள். “சிறு திருத்தம், பாதுகாப்பாகத் திருப்பலாம்” என்று ஒரு வரி இருந்தால், அதை எழுதியது பெரும்பாலும் ஏஜென்ட்தான். கோப்புப் பெயர், கமிட் செய்தி போன்றவை வெளியாட்கள் எழுதியதாகவும் இருக்கலாம். அவற்றுக்குள் ஏஜென்ட்டுக்கான மறைமுக உத்தரவு ஒளிந்திருக்கலாம். அந்த வரிகளைத் தகவலாகப் படியுங்கள், உத்தரவாக ஏற்காதீர்கள். எத்தனை கோப்பு, எத்தனை வரி, எந்த டேபிள் என்று டூல் தானே எண்ணிச் சொல்வதை மட்டும் வைத்து முடிவெடுங்கள்.

எந்த வரிசையில் இயக்குவது?

கடைசியில் செய்ததை முதலில் திருப்புவது பொதுவிதி. டேபிளை உருவாக்கி அதில் தரவை நிரப்பியிருந்தால், டேபிளை முதலில் எடுத்துவிட்டால் தரவை எடுக்கும் அன்டூவுக்கு இயங்க இடமிருக்காது; ஆகவே தரவு முதலில், டேபிள் பிறகு. நேர வரிசையும் சார்பு வரிசையும் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால் இந்த விதி வேலை செய்கிறது. அவை பிரியும் இடங்களில்தான் நம் தீர்மானம் தேவைப்படுகிறது. ஒரு கற்பனை உதாரணத்தைப் பார்ப்போம்.

ஓர் இணையப் புத்தகக் கடை. “விலைப்பட்டியலைப் புதுப்பி, அச்சில் இல்லாத பதிப்புகளை எடுத்துவிடு” என்று ஏஜென்ட்டிடம் சொல்கிறார்கள். மாலையில் பார்த்தால் அச்சில் இருக்கும் புத்தகங்களும் காணவில்லை. அன்டூ வரிசையில், பழையது முதலாக, நான்கு பதிவுகள்:

1. விலைக் கோப்பில் திருத்தம். வகை: நிலைப்பதிவு.
2. தரவுத்தளத்தில் 112 புத்தகங்களை ‘விற்பனையில் இல்லை’ என்று மாற்றியது. வகை: எதிர்ச்செயல்.
3. டெர்மினல் வழியாக அட்டைப்படக் கோப்புறையை அழித்தது. திருப்பும் வழி குறிக்கப்படவில்லை.
4. முன்பதிவு செய்த 60 பேருக்கு ‘புத்தகம் கிடைக்காது’ என்று மடல். வகை: ஈட்டுச்செயல், அதாவது திருத்த மடல்.

எல்லாவற்றையும் ஒரே தட்டில் திருப்பினால் என்ன ஆகும்? முதலில் திருத்த மடல் போகும். அதைப் படித்து வாடிக்கையாளர் தளத்துக்கு வருவார். அங்கே புத்தகம் இன்னும் இல்லை. பிறகு 112 புத்தகங்களும் திரும்பும். உண்மையாகவே அச்சில் இல்லாதவையும் விற்பனைக்கு வந்துவிடும். அட்டைப்படங்கள் வராது. கடைசியாக, சரியாகவே செய்யப்பட்டிருந்த விலைத் திருத்தமும் காணாமல் போகும்.

சரிபார்ப்பவர் செய்ய வேண்டியது வேறு. விலைக் கோப்பில் தவறே இல்லை. அதன் அன்டூவை இயக்காமல் விட்டுவிடலாம். வரிசையில் இருக்கிறது என்பதற்காக இயக்கியே ஆக வேண்டும் என்பதில்லை. அட்டைப்படங்களை பேக்கப்பிலிருந்து எடுக்க வேண்டும். 112 புத்தகங்களில் தவறானவற்றின் பட்டியலைப் பதிப்பகத் தகவலோடு ஒப்பிட்டுத் தயாரித்து, அவற்றை மட்டும் திருப்ப வேண்டும். அதிலும் ‘இப்போதும் ஏஜென்ட் வைத்த நிலையிலேயே இருந்தால் மட்டும் மாற்று’ என்ற நிபந்தனையோடு. இடையில் ஊழியர் ஒருவர் கையால் சரிசெய்த புத்தகங்கள் அப்போது தப்பிக்கும். தளம் சரியானதும், யாருக்குத் தவறான மடல் போனதோ அவர்களுக்கு மட்டும் திருத்த மடல், அதுவும் ஒரு முறை. கடைசியில் நடந்த செயலுக்கான ஈடு கடைசியாகவே போகிறது. பொதுவிதி இங்கே தலைகீழாகிவிட்டது.

மடல், பணம் போன்ற ஈட்டுச்செயல்களில் இரட்டிப்பு ஆபத்தைத் தனியாகக் கவனியுங்கள். பதில் வரத் தாமதமானால், நடக்கவில்லை என்று எண்ணி ஏஜென்ட் மறுபடி முயலும். ஒவ்வோர் ஈட்டுச்செயலுக்கும் மாறாத ஓர் அடையாள எண் தந்து, அதே எண் இரண்டாம் முறை வந்தால் சர்வர் புறக்கணிக்கும்படி அமைப்பதே இதற்கான வழி. அந்த வசதி இல்லாத இடத்தில் மறுமுயற்சியை நிறுத்திவைத்து, ஒவ்வொன்றாக நீங்களே இயக்குங்கள்.

திருப்பாமல் இருப்பதும் ஒரு தீர்வு

சில மாற்றங்கள் நடந்து நேரமாகிவிட்டால் அவற்றின்மேல் புதிய வேலைகள் ஏறிவிடும். ஏஜென்ட் ஒரு டேபிளில் புதிய பத்தி ஒன்றைச் சேர்த்தது. இரண்டு நாளில் அதில் வாடிக்கையாளர் தரவு விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது பத்தியை நீக்கும் அன்டூ அந்தத் தரவையும் நீக்கும். இங்கே முன்னோக்கித் திருத்துவதே சரி: புதிய மாற்றம் ஒன்றால் பிழையைச் சரிசெய்து, பழைய அன்டூவைக் ‘காலாவதி’ என்று குறித்து வரிசையிலிருந்து விலக்கிவிடுங்கள். அப்படி விலக்காமல் விட்டால் வேறொருவர் விவரம் தெரியாமல் அதைத் தட்டிவிடுவார். பல வாரங்களாகக் காத்திருக்கும் எந்த அன்டூவையும், அதன்மேல் புதிய வேலை ஏறிவிட்டதோ என்ற சந்தேகத்தோடே பாருங்கள்.

டூல் உருவாக்குபவர்களுக்கு

நீங்களே ஏஜென்ட் டூல் எழுதுகிறீர்கள் என்றால், மேலே சொன்னவற்றைப் பயனரின் ஞாபகத்துக்கு விடாதீர்கள், டூலிலேயே கட்டுங்கள்.

பட்டியலிடும் கட்டளையும் இயக்கும் கட்டளையும் வெவ்வேறு பெயரில், வெவ்வேறு அனுமதியில் இருக்கட்டும். பட்டியலிடவும் பரிந்துரைக்கவும் ஏஜென்ட்டுக்கு உரிமை தரலாம்; அழிக்கக்கூடிய அன்டூவை இயக்கும் ஒப்புதல் மனிதரிடம் இருக்க வேண்டும். ஒவ்வொரு பதிவிலும் யார் செய்தது, எப்போது, எந்த வகை, எவற்றைத் தொடும், எவற்றைத் தொடாது, அன்றைய ஹாஷ், இன்றைய ஹாஷ், காலாவதி நேரம் ஆகியவை தெரியட்டும். ‘எவற்றைத் தொடாது’ என்பதை மறைத்துவிடாதீர்கள். அன்டூ இல்லாத செயலையும் பட்டியலில் காட்டுங்கள். ஒப்புதலை, பயனருக்குக் காட்டிய திட்டத்தோடு கட்டுங்கள். நிலைமை மாறினால் மறுத்துவிட்டு மறுபடி கேளுங்கள். பாதியில் தோற்றால் எதுவரை நடந்தது என்பதைப் பதிவில் எழுதி அங்கேயே நிறுத்துங்கள். மிச்சத்தை ஊகித்து முடிக்காதீர்கள். ‘எல்லாவற்றையும் திருப்பு’ என்ற பொத்தானை முதல் திரையில் வைக்காதீர்கள்.

செயல்முறைச் சுருக்கம்

1. ஓடிக்கொண்டிருக்கும் எல்லா ஏஜென்ட்களையும் நிறுத்துங்கள். எழுதிக்கொண்டிருக்கும் ஏஜென்ட்டின் பக்கத்தில் அன்டூ ஓட்டக் கூடாது.
2. இப்போதைய நிலையை அப்படியே சேமியுங்கள்: தற்காலிகப் பிராஞ்ச், தரவுத்தள பேக்கப், கிட்டுக்கு வெளியே உள்ள கோப்புகளின் நகல்.
3. எதையும் மாற்றாத கட்டளையால் வரிசையைப் பட்டியலிடுங்கள். வகை குறியுங்கள்.
4. ஐந்து கேள்விகளைக் கேட்டு, ‘இயக்கலாம்’, ‘பகுதியாக இயக்கலாம்’, ‘இயக்கக் கூடாது’ என்று பிரியுங்கள்.
5. சார்பைப் பார்த்து வரிசையை முடிவுசெய்யுங்கள். வெளியுலகைத் தொடுபவை கடைசியில். கசிந்த சாவியை ரத்து செய்வது மட்டும் முதலில்.
6. ஒத்திகையாக ஓட்டி வித்தியாசத்தைப் படியுங்கள். எதிர்பாராத ஒரு கோப்பு தென்பட்டாலும் நிறுத்துங்கள்.
7. ஒன்றொன்றாக இயக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு சோதனைகளை ஓட்டி, வரி எண்ணிக்கையைச் சரிபாருங்கள்.
8. எதைத் திருப்பினீர்கள், எதை விட்டீர்கள், ஏன் என்பதை எழுதிவையுங்கள். ஏஜென்ட்டுக்கும் குழுவுக்கும் சொல்லுங்கள்.

இந்த எட்டையும் முதல் முறையாக ஒரு விபத்தின் நடுவில் செய்ய முயன்றால் கை நடுங்கும். இன்றே ஒரு சோதனை ரெப்போவை உருவாக்குங்கள். ஏஜென்ட்டை விட்டு இரண்டு கோப்புகளைத் திருத்தச் சொல்லுங்கள்; ஒன்றை டெர்மினல் கட்டளையால் அழிக்கச் சொல்லுங்கள்; நீங்களும் ஒரு வரியை மாற்றுங்கள். பிறகு உங்கள் டூலின் அன்டூவைத் தட்டி, எது திரும்பியது, எது திரும்பவில்லை, உங்கள் வரி பிழைத்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பு கையில் இல்லாமல், நேரலைச் சூழலில் எந்த ஏஜென்ட்டுக்கும் எழுதும் அனுமதி தராதீர்கள்.